கடன் வாங்கிய இன்ஜின், சொந்தப் பெயர்: அற்பாயுளில் மறைந்த மோட்டார் சைக்கிள் கம்பெனிகள்

உலகத்தில் முதன்முதலாக மோட்டார் சைக்கிளை வரிசையாகத் தயாரித்து விற்ற கம்பெனி மூன்று வருடம்தான் தாக்குப்பிடித்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹில்டபிராண்ட் சகோதரர்களும் ஆலோயிஸ் வுல்ஃப்முல்லரும் 1894இல் கொண்டுவந்த வண்டி அது. இன்ஜின் கிட்டத்தட்ட 1,500 சிசி. பிஸ்டனிலிருந்து வரும் தண்டு, ரயில் இன்ஜினில் இருப்பதுபோல நேராகப் பின்சக்கரத்தையே பிடித்துச் சுற்றும். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. தள்ளிக்கொண்டே ஓடித்தான் கிளப்ப வேண்டும். ஆர்டர்கள் குவிந்தன, புகார்களும் குவிந்தன, 1897இல் கம்பெனி மூடப்பட்டது.

அதற்கடுத்த முப்பது வருடங்களில் இதே கதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கான முறை நடந்தது. பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கணக்கான பெயர்கள் மோட்டார் சைக்கிள் டேங்குகளில் எழுதப்பட்டு அழிந்திருக்கின்றன. சில பெயர்கள் ஐந்தாறு வருடம் இருந்தன. சில ஒரே ஒரு கண்காட்சிக்கு வந்து, அடுத்த வருடம் காணாமல் போயின. டிரையம்ப், நார்ட்டன், ராயல் என்ஃபீல்டு என்று பிழைத்தவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மறைந்தவர்களை "தாக்குப்பிடிக்க முடியாமல் போனவர்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர்களில் பலர் செய்த வண்டி நல்ல வண்டி. சிலர் செய்தது அந்தக் காலத்தின் மிகச்சிறந்த வண்டி. அப்படியிருந்தும் ஏன் மூடினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அவர்கள் எப்படிப் பிறந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறந்த இடம் சைக்கிள் பட்டறை. 1890களின் நடுவில் இங்கிலாந்தில் சைக்கிள் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. கவன்ட்ரி, பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் நகரங்களில் தெருவுக்குத் தெரு சைக்கிள் கம்பெனி. பங்குகளை வாங்கக் கூட்டம் அலைமோதியது. 1897இல் அந்தக் குமிழி உடைந்தது. விற்காத சைக்கிள்கள் தேங்கின, விலை சரிந்தது. இரும்புக் குழாயை வளைக்கவும், பித்தளையை உருக்கி மூட்டுகளை ஒட்டவும், சக்கரத்துக்குக் கம்பி பூட்டவும் தெரிந்த ஏராளமான கைகள் வேலைக்குக் காத்திருந்தன. 1896 நவம்பரில்தான் பிரிட்டனில் மோட்டார் வாகனங்களுக்கு இருந்த பழைய கெடுபிடிச் சட்டம் தளர்த்தப்பட்டிருந்தது. சைக்கிளில் ஒரு இன்ஜினை மாட்டினால் என்ன என்ற யோசனை அந்தப் பட்டறைகளுக்கு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இன்ஜினுக்கு எங்கே போவது? அதைச் செய்யத் துல்லியமான லேத், வார்ப்படம், பல வருட அனுபவம் எல்லாம் வேண்டும். சைக்கிள் பட்டறையில் அது கிடையாது. ஆனால் வெளியில் விலைக்குக் கிடைத்தது. பிரான்சின் டி டியோன்-பூட்டோன் சின்ன இன்ஜின்களைச் செய்து யார் கேட்டாலும் விற்றது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் மினர்வா கம்பெனி சைக்கிள் ஃபிரேமில் அப்படியே பூட்டக்கூடிய இன்ஜினைக் கொண்டுவந்தது. அதை எங்கே பூட்டுவது என்பதுதான் அப்போதைய பெரிய குழப்பம். ஹேண்டில்பாருக்கு முன்னால், சீட்டுக்கு அடியில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தார்கள். பாரிஸில் இருந்த வெர்னர் சகோதரர்கள் 1901இல் இன்ஜினைக் கீழே, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், சைக்கிளில் பெடல் இருக்கும் இடத்துக்கு இறக்கினார்கள். எடை கீழே வந்ததும் வண்டி வழுக்குவது குறைந்தது. இன்றைக்கும் பெரும்பாலான பைக்கில் இன்ஜின் அங்கேதான் இருக்கிறது.

பிழைத்த பெரிய கம்பெனிகளும் இதே வழியில் வந்தவைதான். 1901இல் வந்த முதல் ராயல் என்ஃபீல்டில் இருந்தது மினர்வா இன்ஜின். 1902இல் வந்த முதல் டிரையம்பிலும் மினர்வா. அதே வருடம் ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் பர்மிங்ஹாமில் செய்த முதல் வண்டியில் பிரெஞ்சு கிளமான் இன்ஜின். 1907இல் ஐல் ஆஃப் மேன் தீவில் முதல் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தபோது, இரட்டை சிலிண்டர் பிரிவில் ரெம் ஃபவுலர் ஓட்டி வென்ற வண்டியின் டேங்கில் நார்ட்டன் என்று இருந்தது, உள்ளே பேஜோ இன்ஜின் இருந்தது. ஒற்றை சிலிண்டர் பிரிவில் சார்லி காலியர் வென்ற மேட்ச்லெஸ் வண்டியில் லண்டனின் ஜே.ஏ.பி. இன்ஜின். அதாவது முதல் டிடியின் இரண்டு கோப்பைகளும் கடன் வாங்கிய இன்ஜினுக்கே போயின.

இந்த ஜே.ஏ.பி.யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கதையின் பாதிக் கம்பெனிகள் அதன் மடியில் வளர்ந்தவை. ஜான் ஆல்ஃபிரட் பிரஸ்ட்விச் லண்டனின் டாட்டன்ஹாமில் அறிவியல் கருவிகளும் சினிமா கேமராக்களும் செய்துகொண்டிருந்தவர். துல்லிய வேலையில் கைதேர்ந்தவர். 1903 வாக்கில் மோட்டார் சைக்கிள் இன்ஜினில் இறங்கினார். அவர் இன்ஜின் நம்பகமானது, பல அளவுகளில் கிடைத்தது, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 1909இல் பிரிட்டிஷ் விமான முன்னோடி ஏ.வி. ரோ பறக்கவிட்ட மூன்றடுக்கு விமானத்தில் இருந்ததும் ஜே.ஏ.பி. இன்ஜின்தான்.

ஜே.ஏ.பி. பெரிய வண்டிகளுக்கு என்றால், ஏழை வண்டிகளுக்கு வில்லியர்ஸ். வுல்வர்ஹாம்ப்டன் நகரில் சைக்கிள் உதிரிப்பாகம் செய்து, பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுற்றவிடும் ஃப்ரீவீல் விற்றுப் பெரிதான கம்பெனி அது. 1913இல் 269 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஒன்றை வெளியிட்டது. வால்வு கிடையாது, அசையும் பாகங்கள் குறைவு, விலை மலிவு. சன், ஸ்பார்க்புரூக் போன்ற பெயர்கள் தாங்கிய எத்தனையோ சின்ன வண்டிகள் அந்த ஒரே இன்ஜினோடு சந்தைக்கு வந்தன. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் டேங்கின் நிறத்தையும் எழுத்தையும் வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடியும்.

அப்படி ஒரு வண்டி உருவாகும் விதத்தை ஒருமுறை கூடவே நின்று பார்ப்போம். பர்மிங்ஹாமில் கடைக்குப் பின்னால் ஒரு பட்டறை, நான்கைந்து பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபிரேமின் மூலைகளில் வரும் இரும்பு மூட்டுகளை லண்டனின் சேட்டர்-லீ போன்றவர்கள் செட்டாகவே விற்றார்கள். குழாயை அளவுக்கு வெட்டி, மூட்டுக்குள் செருகி, சின்ன ஆணி அடித்து நகராமல் நிறுத்தி, உலையில் செக்கச்செவேல் என்று காயவைத்துப் பித்தளையை ஓடவிட்டால் ஃபிரேம் தயார். பித்தளை மூட்டுக்குள் முழுதாக இறங்கியதா என்பதை அதன் ஓட்டத்தையும் நிறத்தையும் பார்த்தே தெரிந்துகொள்ளும் கண் சைக்கிள் காலத்திலேயே பழகியிருந்தது. முன் ஃபோர்க் டிரூயிட் அல்லது பிராம்ப்டன். கார்புரேட்டர் ஏமேக். கியர் வேண்டுமானால் நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி-ஆர்ச்சர். செயின் மான்செஸ்டரின் ரெனால்டு. சீட்டு புரூக்ஸ், விளக்கு லூகாஸ். இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்றால் பெரும்பாலும் ஜெர்மனியின் போஷ். எல்லாவற்றையும் பூட்டி, டேங்குக்கு எனாமல் அடித்து, தங்க வரி இழுத்து, கடைசியாக முதலாளியின் பெயரை எழுதுவார்கள். தொண்ணூறுகளில் கடைக்காரர் பாகங்களை வாங்கிப் பூட்டிக்கொடுத்த அசெம்பிள்டு கம்ப்யூட்டரைப் போலத்தான் இது. பெட்டியின் மேல் ஸ்டிக்கர் கடைக்காரருடையது, உள்ளே இருப்பது எல்லாம் பெரிய கம்பெனிகளின் சரக்கு.

இதை மட்டமான வேலை என்று நினைக்கக் கூடாது. எந்த இன்ஜினுக்கு எந்த ஃபிரேம், எடை எங்கே விழ வேண்டும், ஃபோர்க் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அசெம்பிள் செய்பவர் கையில்தான் இருந்தது. ஒரே ஜே.ஏ.பி. இன்ஜின் ஒருவர் ஃபிரேமில் பறக்கும், இன்னொருவர் ஃபிரேமில் உதறும்.

அந்த வண்டியை ஓட்டுவதே ஒரு தனி வித்தை. மலிவான மாடல்களில் கிளட்ச் கிடையாது, இன்ஜினிலிருந்து ஒரு பெல்ட் நேராகப் பின்சக்கரத்துக்குப் போகும். வால்வைத் தூக்கும் லீவரைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு ஓடி, லீவரை விட்டு இன்ஜின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். முச்சந்தியில் நின்றால் இன்ஜினும் நின்றுவிடும், மறுபடி ஓட வேண்டும். மழையில் பெல்ட் வழுக்கும். ஏற்றத்தில் பெடல் மிதித்து உதவ வேண்டும், இல்லையென்றால் இறங்கிக் கூடவே ஓட வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் டேங்கின் பக்கத்தில் ஒரு கைப்பம்ப் இருக்கும். சில மைலுக்கு ஒருமுறை அதை அழுத்தி இன்ஜினுக்கு எண்ணெய் விட வேண்டும். பின்னால் லேசாக நீலப்புகை வந்தால் எண்ணெய் போயிருக்கிறது என்று அர்த்தம். மறந்தால் பிஸ்டன் இறுகிவிடும்.

சரி, பாகம் கிடைக்கிறது, கை இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. அப்புறம் ஏன் மூடினார்கள்?

முதல் காரணம் பருவம். குளிர்நாட்டில் பனியிலும் மழையிலும் புதுவண்டி வாங்குபவர் குறைவு. வசந்தம் தொடங்கிக் கோடை முடியும்வரைதான் விற்பனை. ஆனால் அடுத்த வருட மாடலை நவம்பரில் லண்டனின் ஒலிம்பியா கண்காட்சியில் காட்டியாக வேண்டும். அங்கேதான் ஏஜெண்டுகள் ஆர்டர் கொடுப்பார்கள். பாகங்களைக் குளிர்காலத்திலேயே வாங்கி வைத்தால்தான் வசந்தத்தில் வண்டி தர முடியும். அதாவது பணம் போவது டிசம்பரில், வருவது மே மாதத்தில். இடைப்பட்ட மாதங்களை உதிரிப்பாகக் கம்பெனி தரும் கடனில்தான் ஓட்ட வேண்டும். ஒரு கோடை மழையில் கெட்டால் போதும், ஒரு ஏஜெண்ட் பணம் தராமல் இழுத்தால் போதும். நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறை அந்த அடியைத் தாங்காது.

இரண்டாவது, அவர்கள் விற்ற வண்டியில் அவர்களுக்கென்று லாபம் தங்கும் இடமே சின்னது. இன்ஜினில் வரும் லாபம் டாட்டன்ஹாமுக்கோ வுல்வர்ஹாம்ப்டனுக்கோ போய்விடும். கியரில் வருவது நாட்டிங்ஹாமுக்கு. மிச்சம் ஃபிரேமும் பெயிண்டும் பூட்டுகூலியும்தான். பக்கத்துத் தெருவில் அதே பாகங்களை வாங்கி ஒரு பவுண்டு குறைத்து விற்க இன்னொருவர் தயாராக இருக்கும்போது விலையை ஏற்றவும் முடியாது. தொழிலில் நுழைய எது வழிவிட்டதோ, அதுவே அவர்களைக் காப்பாற்றாமலும் போனது. இதுதான் என் பார்வையில் இந்த மொத்தக் கதையின் முடிச்சு. யாரும் நுழையக்கூடிய தொழிலில் யாருக்கும் வேலி கிடையாது.

நார்ட்டனே 1913இல் திவாலின் விளிம்புக்குப் போய் வேறு கைக்கு மாறித்தான் பிழைத்தது. நல்ல வண்டி செய்யும் கைக்கும் கணக்குப்புத்தகத்துக்கும் அவ்வளவு தூரம்.

மூன்றாவது காரணம், முதல் உலகப் போர். 1914 ஆகஸ்டில் ஜெர்மனியோடு சண்டை தொடங்கியதும் போஷ் மேக்னெட்டோ வரத்து நின்றது. மேக்னெட்டோ இல்லாமல் இன்ஜின் பற்றாது. பிரிட்டனில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அன்றைக்கு மிகக் குறைவு, செய்ததெல்லாம் ராணுவத்துக்கும் விமானத்துக்கும் போனது. டிரையம்ப் ராணுவத்துக்குச் சுமார் 30,000 வண்டிகள் கொடுத்து வளர்ந்தது. பிரிஸ்டலின் டக்ளஸ் கம்பெனியும் ஆயிரக்கணக்கில் கொடுத்தது. 1916 முடிவில் பொதுமக்களுக்கான உற்பத்தியையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. ராணுவ ஆர்டர் இல்லாத சின்னப் பட்டறைகள் குண்டுக்கும் விமானத்துக்கும் பாகங்கள் கடைந்து காலத்தைத் தள்ளின, அல்லது கதவைச் சாத்தின.

போர் முடிந்ததும் எல்லாம் தலைகீழானது. ஊர் திரும்பிய சிப்பாய்கள் கையில் பணம் இருந்தது, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருந்தது. கார் வாங்க வசதியில்லை. 1919இல் இரண்டு சக்கரமும் ஒரு இன்ஜினும் உள்ள எதுவும் விற்றது. போரில் பெரிதான தொழிற்சாலைகள் அடுத்து என்ன செய்வது என்று தேடிக்கொண்டிருந்தன. புதுப் பெயர்கள் மழைக்காளான்போல முளைத்தன. ஆனால் 1919 செப்டம்பரில் இரும்பு வார்ப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, நான்கு மாதம் நீடித்தது. சிலிண்டர் வார்ப்படம் வரவில்லை. ஆர்டர் கையில், முன்பணம் கையில், வண்டி மட்டும் இல்லை. வார்ப்படம் வரத் தொடங்கிக் கொஞ்ச நாளில், 1920 பிற்பகுதியில், பொருளாதாரமே சரிந்தது.

இந்த இடுக்கில் மாட்டியவர்களில் மனதை அதிகம் வருத்துவது ஏ.பி.சி. வண்டிதான். கிரான்வில் பிராட்ஷா என்ற வடிவமைப்பாளர் வரைந்தது. தயாரித்தது சாப்வித் விமானக் கம்பெனி. போரில் புகழ்பெற்ற கேமல் போர்விமானத்தைச் செய்த அதே சாப்வித். விமான ஆர்டர்கள் ரத்தாகி, லண்டனுக்குப் பக்கத்தில் கிங்ஸ்டனில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையில்லாமல் நின்ற நேரம். அப்போது வந்தது இந்த 398 சிசி வண்டி. மற்றவர்கள் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த 1919இல் இதில் செயின், நான்கு கியர், கிளட்ச், இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் எல்லாம் இருந்தன. இரண்டு சிலிண்டர்களும் வண்டியின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன, இரண்டுக்கும் எதிர்க்காற்று சமமாகப் பட்டது. படத்தைப் பார்த்தால் 1919 வண்டி என்று நம்ப மனம் வராது.

குறை இல்லாமல் இல்லை. வால்வைத் திறக்கும் தண்டும் ராக்கரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை, அவசரத்தில் சந்தைக்கு வந்த இன்ஜின் அது. இன்னும் இரண்டு வருடம் கிடைத்திருந்தால் சரிசெய்திருக்கலாம். அந்த இரண்டு வருடம் கிடைக்கவில்லை. செலவு ஏற ஏற விலை ஏறியது. போர்க்கால லாபத்தின் மேல் அரசாங்கம் கேட்ட வரி சாப்வித்தின் கழுத்தை நெரித்தது. 1920 செப்டம்பரில் கம்பெனி தானாகவே கலைக்கப்பட்டது. பாரிஸில் நோம்-ரோன் என்ற விமான இன்ஜின் கம்பெனி உரிமம் வாங்கி, இந்த வண்டியைத் திருத்திச் சில வருடம் செய்தது. சாப்வித்தின் ஆட்கள் சிலர் ஹாரி ஹாக்கர் பெயரில் புதுக் கம்பெனி தொடங்கி, 1920களின் நடுப்பகுதிவரை பிழைப்புக்குச் சின்ன மோட்டார் சைக்கிள்களும் செய்தார்கள். ஹரிக்கேன் விமானத்தைப் பிற்பாடு உருவாக்கிய ஹாக்கர் கம்பெனி அதுதான்.

ஏ.பி.சி. புதுமையால் அடிபட்டது என்று சொல்லலாம். ஹெச்.ஆர்.டி.க்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஹோவர்டு ஆர். டேவிஸ் ஒரு பந்தய வீரர். 1921இல் 500 சிசி வண்டிகளுக்கான சீனியர் டிடியை 350 சிசி ஏ.ஜே.எஸ். வண்டியில் வென்று எல்லோரையும் வாய்பிளக்க வைத்தவர். மற்றவர்கள் வண்டியை ஓட்டிப் பாதிவழியில் நின்று நின்று சலித்து, 1924இல் வுல்வர்ஹாம்ப்டனில் தன் பெயரின் முதலெழுத்துகளில் கம்பெனி தொடங்கினார். இன்ஜின் ஜே.ஏ.பி.தான், மற்றதும் நல்ல இடங்களில் வாங்கியதுதான். ஆனால் ஓட்டுநருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆள் சேர்த்துவைத்த வண்டி. சீட்டு தாழ்வு, டேங்க் சீட்டோடு இழைந்து வரும், உயரமான பழைய சைக்கிள் தோற்றம் போயே போய்விட்டது.

அடுத்த வருடம், 1925இல், டேவிஸ் தன் வண்டியைத் தானே ஓட்டி சீனியர் டிடியை வென்றார். அதே வாரம் 350 சிசி வண்டிகளுக்கான ஜூனியர் டிடியில் இரண்டாவது இடம். தன் பெயர் தாங்கிய வண்டியில் முதலாளியே அந்த மலைச்சாலையில் ஜெயித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. 1927 ஜூனியர் டிடியையும் ஃபிரெடி டிக்ஸன் ஹெச்.ஆர்.டி.யில் வென்றார்.

1928 தொடக்கத்தில் கம்பெனி திவால்.

கோப்பை விளம்பரம் தந்தது, லாபம் தரவில்லை. தரமான பாகங்கள், கவனமான வேலை, அதனால் விலை அதிகம். 1926இல் நிலக்கரிச் சுரங்கத் தகராறும் பொது வேலைநிறுத்தமும் வாங்கும் சக்தியை முறித்திருந்தன. பி.எஸ்.ஏ. போன்ற பெரிய தொழிற்சாலைகள் மலிவான வண்டிகளை ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொண்டிருந்தன. வேறொரு கம்பெனி ஹெச்.ஆர்.டி.யின் சொத்துகளை வாங்கியது. அதனிடமிருந்து பெயரை மட்டும் பிலிப் வின்சென்ட் என்ற இளைஞர் வாங்கினார். தன் புது வண்டிகளுக்கு ஒரு தெரிந்த பெயர் வேண்டும் என்பதற்காக. வின்சென்ட் ஹெச்.ஆர்.டி. வண்டிகள் பின்னாளில் உலகின் மிக வேகமான சாலை வண்டிகளாக ஆனது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அசெம்பிள் செய்தே நிலைத்தவர் யாரும் இல்லையா? ஒருவர் இருக்கிறார், நாட்டிங்ஹாமின் ஜார்ஜ் பிரவ். அவர் பிரவ் சுப்பீரியரிலும் ஜே.ஏ.பி. இன்ஜின்தான், பின்னால் மேட்ச்லெஸ் இன்ஜின். ஆனால் அவர் மலிவில் போட்டி போடவே இல்லை. ஒவ்வொரு வண்டியையும் ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பார்த்து, மறுபடி பிரித்து, பெயிண்டும் நிக்கலும் ஏற்றி இரண்டாம் முறை பூட்டுவார்கள். எஸ்.எஸ். 100 மாடல் மணிக்கு 100 மைல் போகும் என்று எழுத்தில் உத்தரவாதம் தந்தார். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று புகழ்பெற்ற டி.ஈ. லாரன்ஸ் அடுத்தடுத்துப் பல பிரவ் வண்டிகள் வைத்திருந்தார். 1919 முதல் 1940வரை மொத்தமே சுமார் 3,000 வண்டிகள். பணக்காரர்களுக்கு மட்டும் செய்தால் அசெம்பிளர் பிழைக்கலாம் என்பதற்கு அவர் அத்தாட்சி. அந்த இடத்தில் இரண்டாவது ஆளுக்கு இடமிருந்ததா என்பது சந்தேகம்தான்.

ஜெர்மனியில் காரணம் வேறு, கதி ஒன்றே. அங்கே 1920களின் தொடக்கத்தில் பணவீக்கம் பேயாட்டம் ஆடியது. கையில் இருக்கும் மார்க் நாளைக்குக் காகிதமாகிவிடும் என்பதால் மக்கள் பொருளாக மாற்றத் துடித்தார்கள். எதைச் செய்தாலும் விற்கும் என்ற நிலையில் நூற்றுக்கணக்கான சின்னக் கம்பெனிகள் முளைத்தன. 1923 நவம்பரில் புது நாணயம் வந்து பணம் நிலைபெற்றதும் மக்கள் யோசித்துச் செலவு செய்யத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பெரும்பாலான பெயர்கள் காலி. மியூனிக்கின் மெகோலா இவற்றில் விசித்திரமானது. ஐந்து சிலிண்டர் இன்ஜினை முன்சக்கரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், இன்ஜினும் சேர்ந்து சுற்றும். கிளட்சும் கியரும் கிடையாது. பந்தயங்களில்கூட ஜெயித்தது. 1925இல் அதுவும் முடிந்தது.

ஆனால் அதே மியூனிக்கில் நடந்த இன்னொன்று, மறைந்த கம்பெனிகளைப் பற்றி நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பதற்குச் சரியான சான்று. அதன் தொடக்கம் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கிறது. அங்கே ஜோசஃப் பார்ட்டர் என்பவர், இரண்டு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று எதிராகப் படுத்திருக்கும் ஒரு சின்ன இன்ஜினைச் செய்தார். இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் போவதால் அதிர்வு அடங்கிவிடும். லைட் மோட்டார்ஸ் என்ற கம்பெனி அதை ஃபேரி என்ற பெயரில் 1905 வாக்கில் விற்றது. 1907இல் அந்தக் கம்பெனி மூழ்கியது. அதற்கு வார்ப்படம் செய்துகொடுத்துக்கொண்டிருந்தது டக்ளஸ் வார்ப்புப் பட்டறை. வாடிக்கையாளர் கைவிட்ட வடிவத்தை டக்ளஸ் எடுத்துக்கொண்டு, பார்ட்டரையும் வேலைக்கு வைத்து, தன் பெயரில் வண்டி செய்தது. போரில் ராணுவச் செய்திகளைச் சுமந்த டக்ளஸ் வண்டிகள் அந்த வழியில் வந்தவை.

போருக்குப் பிறகு விமான இன்ஜின் செய்யத் தடை வந்து தவித்த மியூனிக் கம்பெனி ஒன்று இருந்தது, பி.எம்.டபிள்யூ. அங்கே மார்ட்டின் ஸ்டோல்லே ஒரு டக்ளஸ் வண்டியின் இன்ஜினைப் பிரித்து அளவெடுத்து, அதை முன்மாதிரியாக வைத்து 500 சிசி இன்ஜின் ஒன்றை உருவாக்கினார். பி.எம்.டபிள்யூ. அதை மற்ற வண்டிக் கம்பெனிகளுக்கு விற்றது. வாங்கியவற்றில் ஒன்று ஹீலியோஸ், அதுவும் இரண்டு மூன்று வருடத்தில் மறைந்த பெயர்தான். டக்ளஸைப்போல அதிலும் இன்ஜின் நீளவாக்கில் கிடந்தது. முன் சிலிண்டர் காற்றை மறைத்ததால் பின் சிலிண்டர் சூடேறித் தவித்தது. மாக்ஸ் ஃபிரிட்ஸ் அதைக் குறுக்காகத் திருப்பி, இரண்டு சிலிண்டரும் காற்றில் நீட்டி நிற்க வைத்து, செயினுக்குப் பதில் தண்டு பூட்டி, 1923இல் ஆர் 32 என்ற வண்டியைக் கொண்டுவந்தார். இரு பக்கமும் சிலிண்டர் நீட்டிய பி.எம்.டபிள்யூ. பைக்குகள் இன்றும் அதே அமைப்பில் வருகின்றன. ஏ.பி.சி. அதை நான்கு வருடம் முன்பே செய்துவிட்டுப் போயிருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிஸ்டலில் இரண்டு வருடமே இருந்த லைட் மோட்டார்ஸை வெறும் தோல்வி என்று எப்படிச் சொல்வது? கம்பெனி செத்தது, இன்ஜின் நாடு தாண்டிப் பிழைத்தது.

பிழைத்தவர்களுக்கு என்ன இருந்தது என்றும் பார்த்துவிடலாம். பி.எஸ்.ஏ.வுக்குத் துப்பாக்கித் தொழில். ராயல் என்ஃபீல்டுக்கு சைக்கிளும் துப்பாக்கிப் பாகங்களும். டிரையம்புக்கு சைக்கிளும், 1905 முதல் சொந்த இன்ஜினும். ஒரு கோடை கெட்டாலும் இன்னொரு சரக்கு சோறு போட்டது. அந்த ராயல் என்ஃபீல்டுதான் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூருக்கு வந்தது. பிரிட்டனில் தாய்க் கம்பெனி மூடப்பட்ட பிறகும் இங்கே தொடர்ந்தது.

1920களில் சின்னவர்களுக்கு இன்னொரு அடி காரிலிருந்து வந்தது. 1921 பிப்ரவரியில் வில்லியம் மாரிஸ் தன் கார் விலையை ஒரேயடியாக 100 பவுண்டு வரை குறைத்தார். 1922இல் ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் கார் வந்தது. மனைவி குழந்தையோடு சைடுகாரில் நனைந்துகொண்டு போன குடும்பங்கள் மெல்லக் காருக்கு மாறின. 1929க்குப் பிந்தைய உலகப் பொருளாதார மந்தமும், கட்டாயக் காப்பீட்டைக் கொண்டுவந்து, மோட்டார் சைக்கிள் ஓட்டும் வயதை 14லிருந்து 16க்கு ஏற்றிய 1930ஆம் வருடச் சட்டமும் சேர்ந்துகொண்டன. நன்றாக நடந்துகொண்டிருந்த ஏ.ஜே.எஸ்.கூட 1931இல் விழுந்து, மேட்ச்லெஸ் கைக்குப் போனது. சின்னவர்கள் கேட்கவே வேண்டாம்.

உதிரிப்பாக ராஜாக்கள் இவர்கள் எல்லோரையும்விட நீண்ட நாள் இருந்தார்கள். வில்லியர்ஸ் 1950களின் நடுவில் தன் இருபது லட்சமாவது இன்ஜினைச் செய்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. அதே பத்தாண்டில் ஜே.ஏ.பி.யையும் விழுங்கியது. 1966இல் நார்ட்டன்-வில்லியர்ஸ் என்ற பெயரில், ஒருகாலத்தில் இன்ஜின் விற்றவர்களும் வண்டி விற்றவர்களும் ஒரே கூரைக்குள் வந்தார்கள்.

இங்கிலாந்தில் 1915க்கு முந்தைய வண்டிகளுக்காக நடக்கும் பயனியர் ரன் என்ற ஓட்டம் 1930இல் தொடங்கியது. டிரையம்பும் டக்ளஸும் அதில் நிறைய வரும். கூடவே யாரும் கேள்விப்படாத பெயர் எழுதிய டேங்குகளும் வரும். கம்பெனி போய் நூறு வருடம் ஆன வண்டியை ஓடவைக்க முடிவதற்கு ஒரு காரணம் அதன் அசெம்பிள் வேலைதான். முதலாளியின் சொந்த இன்ஜினாக இருந்திருந்தால் உடைந்த ராக்கருக்கு அளவு சொல்லக்கூட ஆள் இருக்காது. ஜே.ஏ.பி.யோ வில்லியர்ஸோ என்றால் அதே இன்ஜின் இன்னும் பல கொட்டகைகளில் இருக்கும், அளவெடுத்துக் கடைந்துகொள்ளலாம். அப்படி ஒரு வண்டி கைக்குக் கிடைத்தவர்கள் முதலில் டேங்கைப் பார்ப்பதில்லை, குனிந்து இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் பதித்திருக்கும் இன்ஜின் நம்பரைத்தான் தேடுகிறார்கள்.